மண்மேட்டு ஸ்டேடியத்தில் ஒரு கோல்கீப்பர்

எனக்கு மாப்பிள்ளை பார்த்த தரகர், "நெய்வேலியில வேலை" என்று சொன்னார். என்ன வேலை என்று அப்பா கேட்டார். "சுரங்கத்துல" என்றார் தரகர். பெர்மனென்ட்தானே என்று அப்பா கேட்டதும் மனிதருக்குத் திடீரென்று தாகம் எடுத்துவிட்டது. ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டு, "பையன் நல்ல உசரம்" என்றார். உயரத்துக்கும் பெர்மனென்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்பா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இறங்கிய மறுநாள்தான் எனக்கு அந்தச் சம்பந்தம் புரிந்தது. என் கணவர் சுரங்கத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் கூலிக்கு இருந்தார். அந்த வேலை அவருக்குக் கிடைத்ததே மைன்ஸ் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பராக நிற்பதற்காகத்தான்.

"பந்து பிடிக்கதுக்கா சம்பளம்?" என்று கேட்டேன்.

"பிடிச்சா சம்பளம். விட்டா ஏச்சு" என்றார். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. டவுன்ஷிப்பில் மனிதர்கள் இரண்டே வகை: பெர்மனென்ட், காண்ட்ராக்ட். பெர்மனென்ட் என்றால் குவார்ட்டர்ஸ் உண்டு, குவார்ட்டர்ஸில் குழாய் உண்டு, குழாயில் தண்ணீரும் உண்டு. காண்ட்ராக்ட் என்றால் அடுத்த மாதம் உண்டா என்பதே தெரியாது. நாங்கள் ஒரு பெர்மனென்ட்காரர் குவார்ட்டர்ஸின் கொல்லைப்புறத்தில் ஓலை இறக்கிய ஓர் அறையில் குடியிருந்தோம். உள்வாடகைக்கு விடக்கூடாது என்று சட்டம். ஆகவே சோதனைக்கு யாராவது வந்தால் நாங்கள் ஊரிலிருந்து வந்திருக்கும் சொந்தக்காரர்கள். வீட்டுக்கார அம்மாள் கோயம்புத்தூர்ப் பக்கம். நான் வாயைத் திறந்தால் திருநெல்வேலி வந்து விழுந்து குட்டு உடைந்துவிடும் என்று அவருக்குப் பயம். முதல் சோதனையின்போதே, "அது பாவம் ஊமைப் புள்ளைங்க" என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அந்தச் சோதனைக்காரர் சந்தையில் எதிரே வந்தால்கூட நான் கத்தரிக்காய்க்குக் கையால்தான் பேரம் பேச வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் நாலு தெருவுக்குக் கேட்கும்படி பேசி வளர்ந்தவள் நான்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வாய்விட்டுச் சண்டை போடுவதற்குச் சொந்தமாக ஒரு வீடு. அதற்குக் குவார்ட்டர்ஸ் வேண்டும். குவார்ட்டர்ஸுக்குப் பெர்மனென்ட் ஆக வேண்டும். பெர்மனென்ட் ஆவதற்குக் கப்பு ஜெயிக்க வேண்டும் என்று என் கணவர் சொன்னார். அணியின் மேனேஜர் வாக்குக் கொடுத்திருக்கிறாராம். "கப்பை மட்டும் ஜெயிச்சுக் குடுங்கப்பா, உங்க பேரையெல்லாம் நானே மேல கொண்டுபோயி முடிச்சுத் தர்றேன்" என்று. மேனேஜர் ஓர் அதிகாரி. எந்த வெயிலிலும் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு, குடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அந்தக் குடை வெயிலுக்கு அல்ல, பந்தை விட்டவர்களுக்கு.

இனி அந்த ஸ்டேடியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர்தான் ஸ்டேடியம். சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை வெட்டி எடுத்து மலைமலையாகக் கொட்டி வைத்திருப்பார்கள். அந்த மலையில் கொஞ்சத்தை லாரியில் கொண்டுவந்து மைதானத்தின் மூன்று பக்கமும் மேடு போட்டு, மேட்டில் படி வெட்டிவிட்டார்கள். அதுதான் கேலரி. நான்காவது பக்கம் தகரக் கூரை, அதன் கீழே சோபா. மழை பெய்தால் கேலரியில் பாதி கரைந்து மைதானத்துக்குள் வந்துவிடும். மறுபடியும் லாரி வரும். அந்தச் செம்மஞ்சள் மண் துணியில் ஒட்டினால் லேசில் போகாது. கடைத்தெருவில் போகிறவர்களின் பின்பக்கத்தைப் பார்த்தே மேட்சுக்குப் போய்விட்டு வருகிறார்களா, கோயிலுக்குப் போய்விட்டு வருகிறார்களா என்று சொல்லிவிடலாம். கோயில் என்று பொய் சொல்லிவிட்டு வந்த பல கணவர்கள் அந்த மண்ணால் மாட்டியிருக்கிறார்கள்.

புல்லுக்கு மட்டும் குறைவே இல்லை. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் சுரங்கமே முழுகிவிடும். அப்படி இறைத்த தண்ணீரில் ஒரு வாய்க்கால் மைதானத்துக்கு வந்தது. சித்திரை மாதத்தில் கம்மாபுரம் வரைக்கும் காய்ந்து கிடக்கும்போது இங்கே மட்டும் புல் கணுக்கால் உயரம் நிற்கும். ஆடு மேய்ப்பவர்கள் ஆட்டோடு வந்து நின்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார்கள். ஆடுகள் அவ்வளவு பொறுமையாக இருக்காது. கார்னர் கிக் எடுக்கப் போனவர் முதலில் ஆட்டை விரட்டிவிட்டுத்தான் எடுப்பார்.

யார் எங்கே உட்காருவது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். சோபா அதிகாரிகளுக்கு. அதை அடுத்த மேட்டில் பெரிய குவார்ட்டர்ஸ்காரர்கள், அப்புறம் சின்ன குவார்ட்டர்ஸ்காரர்கள். குவார்ட்டர்ஸே இல்லாத எங்களைப் போன்றவர்களுக்குக் கோலுக்குப் பின்னால். அங்கே எதிர்க்க வெயில் அடிக்கும், பந்தும் அடிக்கும். ஆட்டத்தில் பாதி தெரியாது. கல்யாணமான புதிதில் நான் என் கணவரின் முகத்தைப் பார்த்ததைவிட முதுகைப் பார்த்ததுதான் அதிகம்.

அங்கேதான் எனக்கு அவள் சிநேகிதமானாள். அவள் கணவர் எங்கள் அணியில் கோல் அடிப்பவர். முத்தாண்டிக்குப்பத்து ஆட்கள். அவள் பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தோலின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். முந்தானையில் உடைந்த முந்திரியை முடிந்துகொண்டு வருவாள். டாஸ் போட்டு முடிந்ததும் நாங்கள் இருவரும் கோலைத் தேர்ந்தெடுப்போம். முதல் பாதியில் அவள் கணவர் எங்களைப் பார்க்க ஓடி வர வேண்டும், இரண்டாம் பாதியில் என் கணவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இருவருக்கும் ஆளுக்குப் பாதி.

அவளுக்கு ஆட்டத்தின் சட்டதிட்டம் எதுவும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. நடுவர் ஊதினாலே, "ஊதாதடா, ஓடிகினு இருக்கற ஆள நிறுத்தறியே!" என்று கத்துவாள். நடு வட்டத்தில் அவள் கணவர் தடுக்கி விழுந்தால் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள்.

"அந்த எடத்துல ஒரு முந்திரி மரம் இருந்துச்சி. மரத்துல பேயி இருந்துச்சி. மரத்த வெட்டிட்டாங்க, பேய யாரு வெட்டனது?"

"இது உங்க தோப்பா?" என்று கேட்டேன்.

"தோப்பு யாருதோ. நீ ஒக்காந்துகினு இருக்கியே, இந்த எடத்துலதான் எங்க மாமனாரு கூலிக்கு முந்திரிக்கொட்ட பொறுக்கிகினு இருந்தாரு. நெலம் குடுத்தவங்களுக்கு வேல குடுத்தாங்க. நெலத்துல வேல செஞ்சவங்களுக்கு என்னா குடுக்கறது? எங்க ஆளுக்குப் பந்து குடுத்தாங்க." சொல்லிவிட்டு எனக்கு ஒரு கை முந்திரி கொடுத்தாள். அவளுக்கும் என்னைப் போலவே பெர்மனென்ட் ஒன்றுதான் கனவு. குவார்ட்டர்ஸ் கிடைத்தால் பண்ருட்டிக்குப் போகும் வேலையை விட்டுவிட்டு ஒரு மாதம் குழாயடியிலேயே உட்கார்ந்து கையைத் தேய்க்கப் போவதாகச் சொல்வாள்.

அணியின் பயிற்சியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு ஜெனரல் ஷிப்ட். விளையாடுகிறவர்களை மட்டும் மூன்று மணிக்கு மைதானத்துக்கு விட்டுவிடுவார்கள். ஐந்து மணிக்கு ஜெனரல் ஷிப்ட் முடிகிற சைரன் ஊதும். ஊதினால் பயிற்சி முடிந்தது. அந்தரத்தில் இருக்கிற பந்தை அந்தரத்திலேயே விட்டுவிட்டு ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். மேனேஜர் குடையை ஆட்டினாலும் நிற்கமாட்டார்கள். சைரனுக்கு மேல் வேலை வாங்கினால் ஓவர்டைம் கேட்பார்கள். கோல்கீப்பருக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை உண்டு. பந்தை எடுத்துக்கொண்டு கோலுக்குள் போய், வலை மூலையில் கிடக்கும் சாக்குப் பையில் போட்டு, பக்கத்தில் இருக்கும் தன் தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டு வர வேண்டும். தினமும் நான் பார்த்ததுதான். சைரன் ஊதுவதும் அவர் திரும்புவதும் ஒன்றாக நடக்கும்.

அந்த வருடம் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரணி தெர்மல் டீம், அதாவது அனல்மின் நிலையத்துக்காரர்கள். அவர்கள் எல்லோரும் பெர்மனென்ட். ஷிப்ட் மாறிமாறி வேலை பார்க்கிறவர்கள். ஐந்து மணி சைரன் அவர்களுக்குக் காக்காய் கத்துவது மாதிரி. ஆட்டத்தை மூன்று மணிக்கு வைத்திருந்தார்கள், சைரனுக்கு முன்னாலேயே முடிந்துவிடும் என்ற கணக்கில். ஆனால் சென்னையிலிருந்து வர வேண்டிய சிறப்பு விருந்தினர் வழியில் பண்ருட்டியில் பலாப்பழம் பார்க்க இறங்கிவிட்டார். அவர் வந்து, மாலை விழுந்து, ஒவ்வொரு ஆட்டக்காரராகக் கைகுலுக்கி, விளையாட்டின் பெருமையைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் வெயிலே சலித்துப்போய் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

முதல் பாதியில் அவள் கணவர் எங்களை நோக்கிப் பறந்து வந்து ஒரு கோல் போட்டார். அவள் எழுந்து குதித்ததில் முடிச்சு அவிழ்ந்து முந்திரியெல்லாம் மண்ணில் கொட்டியது. இரண்டாம் பாதியில் தெர்மல்காரர்கள் ஒன்று திருப்பிப் போட்டார்கள். அதற்கப்புறம் என் கணவர் ஆடியது ஆட்டம். அவர் முதுகிலிருந்தே எனக்குத் தெரிந்தது, இன்றைக்கு இந்த மனிதர் விடமாட்டார் என்று. இந்தப் பக்கம் பாய்ந்தார், அந்தப் பக்கம் பாய்ந்தார். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் நான் மனசுக்குள் ஒரு குழாயைத் திறந்தேன். கூடத்துக்கு ஒரு பல்பு, அடுப்படிக்கு ஒரு மேடை என்று வீட்டைக் கட்டிக்கொண்டே போனேன்.

முடிவதற்குக் கொஞ்ச நேரமே இருக்கும்போது தெர்மல்காரர் ஒருவர் மிக அருகிலிருந்து உதைத்தார். அது கோல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். என் கணவர் உடம்பை முழுக்க நீட்டிப் பறந்து பந்தை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு விழுந்தார். மூன்று மேடும் எழுந்து நின்று கத்தியது. சோபாக்காரர்கள்கூட எழுந்தார்கள். மேனேஜர் குடையை மேலே தூக்கிப் போட்டார். என் வாழ்நாளில் நான் அவ்வளவு பெருமைப்பட்டதே இல்லை.

அவர் எழுந்தார், மண்ணைத் தட்டினார். சைரன் ஊதியது.

ஊதியதும் கோலுக்குப் பின்னால் இருந்த நாங்கள் எல்லோரும் எழுந்து பையைக் கையில் எடுத்துவிட்டோம். யாரும் யோசிக்கவில்லை. என் கணவரும் யோசிக்கவில்லை. பந்தை அக்குளில் இடுக்கினார், திரும்பினார். அன்றுதான் முதல் தடவையாக அந்த ஸ்டேடியத்தில் ஆட்டத்தின் நடுவே அவர் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்து வந்தார். கோட்டைத் தாண்டினார். வலை மூலைக்குப் போய்ப் பந்தைச் சாக்குப் பையில் போட்டார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னிடம் சொன்னார்:

"போவமா? சைரன் ஊதிட்டுல்லா."

மைதானத்தில் சத்தமே இல்லை. நடுவர் கடலூரிலிருந்து வந்த டிரில் மாஸ்டர். ஊதலாமா என்று அவரே ஒரு கணம் தயங்கினார் பாவம். அப்புறம் ஊதினார். தெர்மலுக்குக் கோல்.

மேனேஜர் ஓடி வந்தார். சைரன் என்பது வெளியிலிருந்து வந்த இடையூறு, செல்லாது என்று வாதாடினார். "சைரன் உங்க மைன்ஸோடது சார். ஃபுட்பாலுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது" என்றார் நடுவர். என்ன நடந்தது என்று சிறப்பு விருந்தினர் விசாரித்தார். யாரோ காதில் சொன்னார்கள். அவர் சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மறுபடி மாட்டிக்கொண்டு, மறுபடியும் கழற்றினார். தெர்மல்காரர்கள் கப்பை வாங்கிக்கொண்டு போனார்கள். பின்னால் போன அவர்கள் ஆள் ஒருவர் வாயாலேயே சைரன் ஊதிக்கொண்டு போனார்.

என் சிநேகிதி மட்டும் ஆறுதல் சொன்னாள். "வுடு. அந்தப் பேயி நடு வட்டத்துலேந்து இங்க வந்துடுச்சி. நாளைக்கி ஒரு கோழி அறுத்துப் போடலாம்."

மேனேஜருக்குக் கோழியில் நம்பிக்கை இல்லை. எல்லோர் முன்னாலும் என் கணவரைப் பார்த்துக் குடையை நீட்டினார். "நாளையிலேருந்து நீ கிரவுண்டு பக்கமே வரக்கூடாது. உனக்குச் சைரன்தானே முக்கியம்? கீழ பம்புக்குப் போ. அங்க நின்னு சைரனைக் கேளு!" சுரங்கத்தின் அடியில் தண்ணீர் இறைக்கிற இடம் அது. முழங்கால் சேற்றில் நிற்க வேண்டும். அங்கே யாரும் விரும்பிப் போகமாட்டார்கள்.

அன்று அந்த ஓலை அறையில் நான் நிஜமாகவே ஊமையானேன். பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரியும். என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பிடிச்சேனா இல்லையா, அதச் சொல்லு" என்றார். பிடித்தார்தான். அதனால்தான் வயிற்றெரிச்சல் அதிகமாக இருந்தது. விட்டிருந்தால் தோற்றோம் என்று போயிருக்கலாம். பிடித்த பந்தைப் பத்திரமாகக் கொண்டுபோய் உள்ளே வைத்த மனிதரை என்னவென்று ஏசுவது? திருநெல்வேலியில் அதற்கு வார்த்தை இல்லை. வீட்டுக்கார அம்மாள் எட்டிப் பார்த்து, "என்னங்க, நெசமாவே ஊமையாயிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பம்புக்குப் போனார். காலில் சேற்றுப்புண்ணோடு வருவார், மஞ்சள் அரைத்துப் போடுவேன். மைதானத்தைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. இப்படியே ஒரு வருடம் ஓடியது. அப்புறம் நடந்ததை நான் இன்றுவரை யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. பம்பு ஒரு நாளும் நிற்கக்கூடாது, அதற்குப் பழகிய ஆட்களை மாற்றிக்கொண்டே இருக்க முடியாது என்று அந்தப் பகுதி இன்ஜினியர் மேலே எழுதிப் போட்டார். அங்கே இருந்தவர்களை மொத்தமாகப் பெர்மனென்ட் ஆக்கினார்கள். அதில் என் கணவரும் இருந்தார். தகவலை வந்து சொன்னபோதும் அவர் முகத்தில், பந்தைச் சாக்குப் பையில் போட்டுவிட்டு வந்த அதே நிறைவு. நான் அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். வீட்டுக்கார அம்மாள், "மெதுவா, மெதுவா, ஊமைப் புள்ள அழுவாதுங்க" என்று ஓடி வந்தார்.

அதே வருடம் மைன்ஸ் டீம் கப்பை ஜெயித்தது. இறுதி ஆட்டத்தில் கோல்கள் எல்லாம் போட்டவர் என் சிநேகிதியின் கணவர். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு கொடுத்தார்கள். கடிகாரம் மாட்டச் சுவர் கிடைக்கும் என்று அவளும் காத்திருந்தாள்.

எங்களுக்குக் கிடைத்தது இருப்பதிலேயே சின்ன குவார்ட்டர்ஸ். குடிபோன அன்று அவள்தான் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வந்து ஸ்டவ்வை இடுப்பில் தூக்கிக்கொண்டு என்கூட நடந்தாள். கதவைத் திறந்ததும் நான் முதல் காரியமாக, என் கணவர் பானையை வாசலிலேயே வைத்ததற்காக அவரை ஒரு பிடி பிடித்தேன். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. எவ்வளவு நாள் ஆசை! அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்புறம் குழாயடியில் உட்கார்ந்து கையைக் கழுவினாள். கறுத்த விரல்களைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டே, மேனேஜர் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்த கதையைச் சொன்னாள்.

"கப்பு வாங்கியாச்சே, பேரு எப்பங்க போவும்னு கேட்டேன். சிரிச்சிகினே சொல்றாரு, 'பெர்மனென்ட் பண்ணிட்டா அப்புறம் எவம்மா ஓடுவான்?'னு."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க ஆளும் அன்னிக்கி உங்க வூட்டுக்காரரு மாதிரி ஒரு சேம் சைடு கோலு போட்டிருந்தா தேவலாம். அடிச்சி அடிச்சே கெட்டுப்போச்சி அது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. கோல் போட்டவர் வீட்டில் ஓலை, கோல் விட்டவர் வீட்டில் குழாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆட்டம் இருந்தது. அவள் கூப்பிட்டாள், போனேன். முதல் பாதியில் அவள் கணவர் பந்தோடு எங்களை நோக்கி வந்தார். இரண்டு பேரைத் தாண்டினார், மூன்றாவது ஆளையும் தாண்டினார். அவள் எழுந்து நின்று "அடி, அடி" என்று தொண்டை கிழியக் கத்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, சாமி, இவர் அடிக்கக்கூடாது, வெளியே போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அடித்துவிட்டார்.